எந்தப் பிரபஞ்சத்தில் என்று கேளுங்கள்

2019-ல் "கருந்துளைத் தகவல் புதிர் தீர்ந்தது" என்ற செய்தி வந்ததும் நாலு பேருக்கு அனுப்பிவைத்தேன். கருந்துளைக்குள் விழுந்ததன் தகவல், அது கதிர்வீச்சாக ஆவியாகும்போது அழிந்துவிடுமா, வெளியே வந்துவிடுமா என்பதுதான் அந்தப் புதிர். மூலக் கட்டுரையைத் திறந்தது அதற்குப் பிறகுதான். ஜெஃப் பெனிங்டன் எழுதியது. நிபந்தனை சுருக்கத்தின் முதல் வரியிலேயே இருந்தது: ஆன்டி டி சிட்டர் வெளி என்ற கணிதப் பிரபஞ்சத்தில், எல்லையில் கதிர்வீச்சை உறிஞ்ச ஏற்பாடு செய்தால்.

துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வாகப் பார்க்கும் ஸ்ட்ரிங் தியரி பற்றிய செய்திகளில் பெரும்பாலானவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். ஆன்டி டி சிட்டர் வெளி ஒரு பெட்டி மாதிரி. ஒளி எல்லைவரை போய்த் திரும்பி வந்துவிடும். பெரிய கருந்துளை உமிழ்வதை அதுவே மறுபடி விழுங்கிக்கொள்ளும், ஆவியாகி முடியாது. அதனால்தான் உறிஞ்சும் எல்லை தேவைப்பட்டது. நம் பிரபஞ்சம் அப்படியில்லை. அது வேகமெடுத்து விரிகிறது என்பது 1998-லேயே தெரிந்துவிட்டது. வெற்று வெளியின் ஆற்றலைக் குறிக்கும் பிரபஞ்ச மாறிலி நமக்கு நேர்க்குறி, அங்கே எதிர்க்குறி. இன்னொன்று: பெனிங்டனின் கணக்கு கதிர்வீச்சின் என்ட்ரோபி (நமக்குத் தெரியாமல் இருக்கும் தகவலின் அளவு) ஏறி இறங்குவதைக் காட்டியது, அதாவது தகவல் அழியவில்லை என்று. தகவல் எந்த வழியாக வெளியே வருகிறது என்பதைக் காட்டவில்லை.

"அப்படியானால் எல்லாம் வெறும் கற்பனைக் கணக்கா?" என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான். 1996-ல் ஸ்ட்ரிங் தியரியாளர்கள் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் எடுத்துக்கொண்டது ஐந்து பரிமாணத்தில், சூப்பர்சிமெட்ரி (ஒவ்வொரு துகள் வகைக்கும் ஓர் இணைத் துகள் உண்டு என்ற கருத்து) உள்ள ஒரு கருந்துளை. வானில் எங்கும் அப்படி ஒன்று இல்லை. ஆனால் அதன் குவாண்டம் நிலைகளை எண்ணியபோது, கருந்துளையின் என்ட்ரோபி அதன் மேற்பரப்பில் கால் பங்கு என்று ஹாக்கிங்கின் சூத்திரம் சொன்னது அப்படியே வந்தது. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

2022-ல் வந்த "புழுத்துளை (வெளியின் இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழி) உருவாக்கினார்கள்" செய்தி அந்த 2019 செய்தியைவிட மோசம். நடந்தது ஒரு குவாண்டம் கணினியின் ஒன்பது க்யூபிட்டுகளில் (அதன் தகவல் அலகுகளில்), வெகுவாக எளிமையாக்கிய ஒரு மாதிரியின் உருவகப்படுத்தல். காலவெளியில் எந்தத் துளையும் விழவில்லை.

"எல்எச்சி-யில் சூப்பர்சிமெட்ரி கிடைக்கவில்லை, ஸ்ட்ரிங் தியரி செத்தது" என்பார்கள். துகள்களை மோதவிடும் இயந்திரமான எல்எச்சி எட்டுவது 13.6 டெராஎலக்ட்ரான் வோல்ட். ஈர்ப்பின் குவாண்டம் விளைவுகள் தெரியவரும் ஆற்றலான பிளாங்க் அளவு அதைப்போல ஏறக்குறைய ஆயிரம் லட்சம் கோடி மடங்கு. அடிபட்டவை, எல்எச்சி எட்டும் ஆற்றலிலேயே புதுத் துகள்கள் தென்படும் என்று சொன்ன மாதிரிகள். சூப்பர்சிமெட்ரி அதற்கும் மேலான ஆற்றலில் மறைந்திருக்க ஸ்ட்ரிங் தியரியில் தடையில்லை.

ஆய்வாளர்கள் கட்டுரைகளை நேரடியாக ஏற்றும் ஆர்க்சிவ் தளத்தில் வந்தது, இதழ் மதிப்பாய்வுக்கு முந்தைய ப்ரீபிரிண்ட்தானே என்று ஒதுக்கவும் வேண்டாம், வந்துவிட்டது என்பதற்காக நம்பவும் வேண்டாம். இந்தத் துறையே 1991 முதல் அங்கேதான் பேசிக்கொள்கிறது. ஒரு கட்டுரையை யார் மேற்கோள் காட்டி மறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்ட்ரிங் தியரிக்குள் நேர்க்குறி மாறிலி உள்ள பிரபஞ்சத்தைக் கட்ட கச்ரு, கல்லோஷ், லிண்டே, திரிவேதி நால்வரும் 2003-ல் ஒரு வழி சொன்னார்கள். அப்படியொரு நிலையே அதில் இருக்க முடியாது என்ற ஊகத்தை 2018-ல் வாஃபாவும் உடனிருந்தவர்களும் வைத்தார்கள். இரண்டு பக்கமும் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.