படா கானாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா?

குன்னூர் பக்கம் வெலிங்டனில் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது. 1758-இல் தொடங்கிய படைப்பிரிவு அது. படா கானா என்றால் அதிகாரிகளும் ஜவான்களும் சேர்ந்து சாப்பிடும் ராணுவப் பெருவிருந்து. அங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது "குடும்பத்தோட படா கானாவுக்கு வாங்க" என்று கூப்பிட்டால், நம்மவர்கள் கல்யாண வீட்டுக்குப் போவதுபோலக் கிளம்பிவிடுகிறார்கள். கூடவே பக்கத்து வீட்டுக்காரரையும் வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள். விருந்தினர் பட்டியலில் பெயர் இல்லாதவரைக் காவலர் உள்ளே விடமாட்டார். "இவரும் நம்ம ஆளுதான்" என்பதெல்லாம் அங்கே செல்லாது. வாக்குவாதம் முற்றினால் பதில் சொல்ல வேண்டியது நம்மைக் கூப்பிட்ட பையன்தான். விடுமுறைக்கு வந்த கனடா பாஸ்போர்ட் மச்சானைக் கூட்டிப்போவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வண்டியை மாற்றினாலும் புது நம்பரைச் சொல்லிவிடுங்கள்.

அழைப்பில் 1930 என்று போட்டிருந்தால் 7.30 மணிக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். ஆதார் காட்டி, பையைச் சோதித்து முடிக்கிற நேரத்தையும் கணக்கில் வையுங்கள். மெஸ்ஸில் விருந்து என்றால் செருப்பும் காலர் இல்லாத டி-ஷர்ட்டும் வேண்டாம், ஷூ போட்டுப் போங்கள். திறந்த மைதானம் என்றால் ஸ்வெட்டர். மலைக்குளிர் பட்டுப்புடவைக்கு அடங்காது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது போட்டோ விஷயம்தான். போனை வாசலில் வாங்கி வைக்காவிட்டால், எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. கேட், வண்டிகள், கட்டடங்கள் பின்னணியில் செல்ஃபி எடுத்து, ஊர் பெயரும் போட்டு, கூப்பிட்டவரை டேக்கும் செய்கிறார்கள். 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொல்லி ராணுவம் தன் ஆட்களுக்கு உத்தரவிட்டது. ஒரு 'லைக்'குக்காக அவரை மாட்டிவிடாதீர்கள். "அடுத்து யூனிட் எங்க போகுது?" என்பதும் இதே ரகம்தான். அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். "எத்தனை பேரைச் சுட்டிருக்கீங்க?" என்று கேட்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள், என்ன செய்ய!

முன்வரிசை சோபா நமக்கில்லை. தலைமை விருந்தினர் தட்டில் கை வைக்கும் முன் நாம் தொடங்குவதும், அவர் கிளம்பும் முன் நாம் எழுவதும் அழகல்ல. ஆனால் படா கானாவில் தலைகீழான காட்சி ஒன்று உண்டு. அதிகாரிகளே கரண்டியோடு வந்து ஜவான்களுக்குப் பரிமாறுவார்கள், சேர்ந்தே சாப்பிடுவார்கள். நம் தட்டுக்கும் வந்தால் "ஐயோ சார், நீங்க போயி..." என்று எழுந்து கரண்டியைப் பிடுங்காதீர்கள். அது அவர்கள் வழக்கம். வாங்கிச் சாப்பிடுங்கள்.

கிளம்பும்போது ஓரமாகக் கூப்பிட்டு, "கேன்டீன்ல ரெண்டு பாட்டில்..." என்று இழுப்பது இன்னொன்று. அது அவருக்கென்று ஒதுக்கிய மாத மதுக் கோட்டா, வெளியாட்களுக்குக் கொடுக்கக் கூடாதது. முடியாது என்று சொல்ல வாய் வராமல் ஒருவர் நெளிந்ததை நான் பார்த்திருக்கிறேன். கேட்டது எங்கள் பெரியப்பா.