மீடியாவிக்கியில் முதல் வழுத் திருத்தம்: தமிழ் எழுத்து பாதியில் உடைவதைச் சரிசெய்வது எப்படி

விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்ற திறமூல மென்பொருளில். பிஎச்பியில் எழுதப்பட்டது, ஜிபிஎல் உரிமத்தில் கிடைப்பது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். பலர் நிரல் தெரியாததால் நிற்பதில்லை. எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் செய்வது என்று தெரியாமல்தான் நிற்கிறார்கள். தமிழ் விக்கிகளில் அடிக்கடி தட்டுப்படும் ஒரு வழுவை (மென்பொருள் பிழையை) எடுத்துக்கொண்டு, கண்டுபிடிப்பதிலிருந்து பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புவது வரை இங்கே பார்க்கலாம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எடுத்துக்கொள்ளும் வழு இது: பக்கங்களின் முன்னோட்டத்தைக் காட்டும் ஒரு நீட்சி (மீடியாவிக்கியோடு சேர்க்கும் கூடுதல் நிரல்), வரியின் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட ஓர் எழுத்தைக் காட்டுகிறது. சில பக்கங்களில் வருகிறது, சிலவற்றில் வருவதில்லை.

படி 1: வழு எந்த அடுக்கில்?

நிரலைத் திறப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். விக்கியில் தெரியும் கோளாறு வார்ப்புருவிலிருந்து வரலாம். கேட்ஜெட் (தளத்தில் சேர்த்த சிறு நிரல்), ஸ்கின் (தோற்றம்), நீட்சி, மையநிரல் (மீடியாவிக்கியின் அடிப்படை நிரல்) எதிலிருந்தும் வரலாம். வெளியிலிருந்து உள்ளே போங்கள்.

பக்க முகவரியின் கடைசியில் சேஃப்மோட் என்ற அளவுருவை 1 என்று கொடுங்கள். அந்தத் தளத்தின் கேட்ஜெட்டுகளும் பயனர் ஸ்கிரிப்டுகளும் ஓடாமல் பக்கம் திறக்கும். கோளாறு மறைந்தால் அது மென்பொருளின் வழு இல்லை, அந்த விக்கியின் நிர்வாகிகளிடம் சொல்ல வேண்டியது. மறையவில்லையென்றால் யூஸ்ஸ்கின் அளவுருவைக் கொண்டு வேறு ஸ்கின்னில் பாருங்கள். அடுத்து, வார்ப்புருக்களை விரித்துக் காட்டும் சிறப்புப் பக்கத்தில் உரையை ஒட்டி, வெளிவரும் விக்கிநிரல் சரியா என்று பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் கோளாறு இருந்தால் நீட்சியையோ மையநிரலையோ சந்தேகிக்கலாம். சொந்த விக்கி என்றால், அமைப்புகள் இருக்கும் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாலே குற்றவாளி சிக்கிவிடும்.

பிறகு ஃபேப்ரிகேட்டரில் தேடுங்கள். மீடியாவிக்கியின் வழுக்கள் 2014 முதல் அங்கேதான் பதிவாகின்றன. ஒவ்வொன்றுக்கும் டி என்று தொடங்கும் எண் உண்டு. முன்பே பதிவாகியிருந்தால் உங்கள் விவரத்தை அதில் சேருங்கள். புதிதாகப் பதிவதானால் மூன்று விஷயங்கள் கட்டாயம்: என்ன செய்தால் வருகிறது, என்ன நடக்கிறது, என்ன நடந்திருக்க வேண்டும். கூடவே, பதிப்பு விவரம் தரும் சிறப்புப் பக்கத்திலிருந்து மீடியாவிக்கி, பிஎச்பி, நீட்சி ஆகியவற்றின் பதிப்பு எண்களையும் கொடுங்கள். பாதுகாப்பு ஓட்டை என்று தோன்றினால் மட்டும் பொதுவில் பதியக் கூடாது. அதற்குத் தனியான மறைவுப் படிவம் அங்கேயே இருக்கிறது.

படி 2: உங்கள் கணினியில் ஒரு விக்கி

கிட் (நிரல் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி), டாக்கர் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) இரண்டும் வேண்டும். மையநிரலின் களஞ்சியத்தைக் குளோன் செய்யுங்கள் (நகலை இறக்குங்கள்). இணையம் மெதுவென்றால் டெப்த் 1 என்று கொடுத்து அண்மை நிலையை மட்டும் இறக்கலாம். ஆனால் ஒரு வரியை யார், ஏன் எழுதினார்கள் என்று கிட் பிளேம் வழியாகப் பார்க்க முடியாமல் போகும். வழுவைத் துரத்தும்போது அது பெரிய இழப்பு. முடிந்தால் முழு வரலாற்றையும் இறக்குங்கள்.

ஸ்கின்கள் தனிக் களஞ்சியங்களில் இருக்கின்றன. வெக்டர் என்ற ஸ்கின்னை ஸ்கின்ஸ் கோப்புறைக்குள் தனியாகக் குளோன் செய்யாவிட்டால் விக்கி அலங்காரமே இல்லாத வெற்று உரையாகத் திறக்கும். நீட்சிகளும் இப்படித்தான். நீங்கள் திருத்தப்போகும் நீட்சியை எக்ஸ்டென்ஷன்ஸ் கோப்புறைக்குள் குளோன் செய்து, லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் அதை ஏற்றும் வரியைச் சேர்க்க வேண்டும்.

களஞ்சியத்தில் உள்ள டெவலப்பர்ஸ் குறிப்பில் டாட் இஎன்வி கோப்பின் மாதிரி இருக்கிறது. லினக்ஸ் பயனர்கள் அதில் தங்கள் யூஐடி, ஜிஐடி (பயனர், குழு) எண்களைச் சேர்க்க மறக்கக் கூடாது. மறந்தால் கண்டெய்னர் உருவாக்கும் கோப்புகள் வேறு பயனரின் பெயரில் போய், எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுத அனுமதி இல்லை என்ற பிழை வரும். பிறகு டாக்கர் கம்போஸ் அப், கண்டெய்னருக்குள் கம்போசர் அப்டேட் (தேவையான பிஎச்பி நூலகங்களை இறக்கும்), நிறுவல் ஸ்கிரிப்ட் என்ற வரிசையில் போங்கள். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 8080 திறந்தால் விக்கி தெரியும். மாதிரிக் கோப்பில் இருக்கும் பயனர்பெயர் அட்மின், கடவுச்சொல் டாக்கர்பாஸ்.

இப்போதே லோக்கல்செட்டிங்ஸில் டபிள்யூஜிஷோஎக்செப்ஷன்டீடெய்ல்ஸ் மாறியை ட்ரூ ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பிழை வரும்போது ஒரு குறியீட்டு எண் மட்டும் தெரியும், காரணம் தெரியாது. இது உங்கள் கணினிக்கு மட்டும். மக்கள் பயன்படுத்தும் விக்கியில் இதை அணைத்து வையுங்கள். டீபக் பதிவுக் கோப்பையும் உலாவியால் எட்ட முடியாத இடத்தில் வையுங்கள், அதில் பயனர்களின் அந்தரங்கத் தகவல் விழ வாய்ப்புண்டு.

படி 3: வழுவை மிகச் சிறிய உரையில் வரவழையுங்கள்

முழுக் கட்டுரையை வைத்துத் தேடாதீர்கள். “தமிழ் விக்கி” என்ற இரண்டு சொற்கள் போதும்.

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். “தமிழ்” என்பதில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள், ஆக 15 பைட். இடைவெளிக்கு 1 பைட். “விக்கி” 6 குறிகள், 18 பைட். மொத்தம் 34.

சரத்தை வெட்டும் பிஎச்பியின் சப்ஸ்டர் சார்பு பைட்டுகளைத்தான் எண்ணும். 10 பைட்டில் வெட்டச் சொன்னால் “தமி” 9 பைட்டில் முடிந்துவிடும். பத்தாவது பைட், ழகரத்தின் மூன்றில் ஒரு துண்டு. அந்தத் துண்டைத்தான் உலாவி கேள்விக்குறியாகக் காட்டுகிறது. வழு சில பக்கங்களில் மட்டும் வருவதற்கும் காரணம் இதுவே. இடையில் எத்தனை இடைவெளிகள், எண்கள், நிறுத்தக்குறிகள் வந்தன என்பதைப் பொறுத்து, வெட்டு சில நேரம் எழுத்தின் எல்லையிலேயே விழுந்துவிடும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட் என்பதால் அங்கே இது தெரிவதே இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்களின் கண்ணில் படாமல் ஆண்டுக்கணக்கில் இருந்துவிடும்.

இதை அழகுக் குறையாக எண்ணி விட்டுவிட வேண்டாம். உடைந்த பைட் உள்ள சரத்தை ஜேசன் என்கோட் (தரவை ஜேசன் வடிவத்துக்கு மாற்றும் சார்பு) வாங்க மறுத்து ஃபால்ஸ் தரும். யு கொடி (உரை யூடிஎஃப் 8 என்று சொல்லும் குறி) போட்ட ரெஜெக்ஸ் மாற்றுச் சார்பு நல் மதிப்பைத் தரும். அரை எழுத்தால் முழுப் பத்தியும் காணாமல் போகும். “முன்னோட்டம் சில நேரம் காலியாக வருகிறது” என்று வேறொருவர் பதிந்த வழுவும் இதே வழுவாக இருக்கலாம்.

படி 4: திருத்தம்

நீட்சியின் கோப்புகளில் சப்ஸ்டர், நீளம் அளக்கும் ஸ்டர்லென் இரண்டையும் கிட் கிரெப் கொண்டு தேடுங்கள். கிடைப்பதையெல்லாம் மாற்றிவிடாதீர்கள். பைட் அளவு உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் உண்டு. பக்கத் தலைப்பின் வரம்பு 255 பைட் (தமிழில் சுமார் 85 குறிகள்), ஏனென்றால் தரவுத்தளத்தின் புலம் அந்த அளவு. அதற்கு எதிராகத் தொகுப்புச் சுருக்கத்தின் வரம்பு இப்போது 500 குறிகள் என்று எண்ணப்படுகிறது. அதுவும் ஒரு காலத்தில் 255 பைட்டாக இருந்தது. தமிழில் இரண்டு வரி எழுதுவதற்குள் முடிந்துவிடும்.

வெட்டுவதற்கு மீடியாவிக்கியின் லாங்வேஜ் வகுப்பிலேயே இரண்டு சார்புகள் இருக்கின்றன. ட்ரங்கேட்ஃபார்டேட்டாபேஸ் பைட்டில் எண்ணும், ஆனால் குறியை உடைக்காது. ட்ரங்கேட்ஃபார்விஷுவல் குறிகளை எண்ணும். முன்னோட்டத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம். வெட்டிய இடத்தில் சேர்க்கும் மூன்று புள்ளிகளின் நீளத்தையும் அதுவே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

கேள்விக்குறி போய்விடும். ஆனாலும் நமக்கு வேலை முடியவில்லை. 4 குறிகளில் வெட்டினால் “தமிழ” என்று புள்ளி இல்லாமல் நிற்கும், 2 குறிகளில் வெட்டினால் “தம”. பிஎச்பியின் இன்டெல் நீட்சியில் உள்ள கிராஃபீம் சப்ஸ்டர் எழுத்துகளை நாம் எண்ணுவதுபோல் எண்ணும். 3 என்று கொடுத்தால் “தமிழ்” முழுதாக வரும். “க்ஷ” போன்ற கூட்டெழுத்து மட்டும் அதற்கு இரண்டு. எங்கள் கருத்து: முதல் பேட்ச்சில் ட்ரங்கேட்ஃபார்விஷுவல் வரை நில்லுங்கள். புள்ளிப் பிரச்சினையைத் தனி வழுவாகப் பதியுங்கள். ஒரு பேட்ச்சில் ஒரு வழு என்றால் பார்ப்பவருக்கு ஐந்து நிமிட வேலை. மூன்றைச் சேர்த்து அனுப்பினால் யாரும் தொடமாட்டார்கள்.

படி 5: சோதனை

பிஎச்பியூனிட் என்ற சோதனைக் கருவியில் ஒரு சோதனை எழுதுங்கள். உள்ளீடு அதே “தமிழ் விக்கி”. முதலில் திருத்தத்தை விலக்கிவிட்டு ஓட்டி, சோதனை தோற்பதைக் கண்ணால் பாருங்கள். தோற்காத சோதனை எதையும் நிரூபிக்காது. பிறகு திருத்தத்தோடு ஓட்டுங்கள். கடைசியில் கம்போசர் டெஸ்ட். டேப், இடைவெளி விதிகளை அது பார்த்துவிடும். மீடியாவிக்கியில் உள்தள்ளலுக்கு டேப்தான், அடைப்புக்குறிக்கு உள்ளே இடைவெளி விட வேண்டும்.

இடைமுகச் செய்தி எதையாவது மாற்றினால் ஐ18என் கோப்புறையில் ஆங்கிலக் கோப்பையும், விளக்கம் எழுதும் க்யூக்யூக்யூ கோப்பையும் மட்டும் தொடுங்கள். தமிழ்க் கோப்பில் கை வைக்க வேண்டாம். மொழிபெயர்ப்புகள் டிரான்ஸ்லேட்விக்கி தளத்திலிருந்துதான் வருகின்றன.

படி 6: கெரிட்டுக்கு அனுப்புதல்

விக்கிமீடியா டெவலப்பர் கணக்கு ஒன்று திறந்து (விக்கிப்பீடியா கணக்கு இதற்குச் செல்லாது), உங்கள் எஸ்எஸ்எச் சாவியை (பாதுகாப்பான இணைப்புக்கான அடையாளச் சாவி), மாற்றங்களைப் பார்வையிடும் கெரிட் தளத்தில் ஏற்றுங்கள். கிட் ரிவியூ கருவியை நிறுவுங்கள். தனிக் கிளையில் கமிட் செய்யுங்கள் (மாற்றத்தைப் பதியுங்கள்).

கமிட் செய்தி ஆங்கிலத்தில்: முதல் வரியில் என்ன செய்தீர்கள் என்பது சுருக்கமாக, ஒரு வெற்று வரி, ஏன் செய்தீர்கள் என்பது, மறுபடி வெற்று வரி, அதன்பின் பக் என்று போட்டு டி எண். மாற்றத்தின் அடையாள எண்ணான சேஞ்ச் ஐடி வரியைக் கருவியே சேர்க்கும். அதற்கும் பக் வரிக்கும் நடுவே வெற்று வரி வரக் கூடாது. வந்தால் பேட்ச் அந்த வழுவோடு இணையாது.

அனுப்பியதும் ஜென்கின்ஸ் என்ற தானியங்கிக் கருவி சோதனைகளை ஓட்டும். உங்கள் மாற்றத்துக்குத் தொடர்பில்லாத தோல்வி என்றால் ரீசெக் என்று கருத்து எழுதினால் மறுபடி ஓடும். யாராவது திருத்தம் கேட்டால் புதிய கமிட் போடாதீர்கள். இருக்கும் கமிட்டையே அமெண்ட் செய்து அனுப்புங்கள். புதிய கமிட், புதிய சேஞ்ச் ஐடியோடு வேறொரு மாற்றமாகப் போய் நிற்கும். தொடக்கநிலையில் அதிகம் நடக்கும் தவறு இது.

பார்வையிட யாரைச் சேர்ப்பது? அந்தக் கோப்பின் கிட் வரலாற்றில் அண்மையில் வேலை செய்த இரண்டு பேர் போதும். பலர் தன்னார்வலர்கள், பதில் வர வாரங்கள் ஆகலாம்.

ப்ளஸ் 2 (இணைப்பதற்கான ஒப்புதல்) கிடைத்து மாஸ்டர் கிளையில் இணைந்ததும், விக்கிமீடியா தளங்களில் ஓடும் நீட்சி என்றால் அடுத்த வாராந்திர வெளியீட்டில் அது ஏறும். செவ்வாயன்று சோதனைத் தளங்கள், புதனன்று விக்சனரி போன்ற துணைத் திட்டங்கள், வியாழனன்று தமிழ் உட்படப் பெரும்பாலான விக்கிப்பீடியாக்கள். தனி விக்கி நடத்துபவர்களுக்கு இது தானாக வராது. 2024 டிசம்பரில் வந்த 1.43 போன்ற எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள) பதிப்பில் இருப்பவர்களுக்கு வேண்டுமானால், அந்த வெளியீட்டுக் கிளைக்கும் உங்கள் மாற்றத்தைச் செரி பிக் செய்து (அதை மட்டும் நகலெடுத்து) தனியாக அனுப்ப வேண்டும். கெரிட் பக்கத்திலேயே அதற்கான பொத்தான் இருக்கிறது.