பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி: ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைத் தேடினால் ஒலிப்பதிவுகள் வரிசை கட்டி வந்து நிற்கும். மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை 1925-இல்தான் வந்தது. அதற்கும் முன்பே, 1913-இல், ஆர்தர் நிக்கிஷ் பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவை ஒலியை வாங்கும் ஒரு புனலுக்கு முன்னால் வாசிக்கவைத்து இந்தச் சிம்பொனியை முழுதாகப் பதிவு செய்துவிட்டார். அன்றிலிருந்து, ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் பெயர் பெற்ற கண்டக்டர்களில் இதைத் தொடாதவர்கள் அபூர்வம். சிலர் மூன்று நான்கு முறைகூடப் பதிவு செய்திருக்கிறார்கள்.

"எதைக் கேட்பது?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவதில்லை. எந்த இடத்தில் காதை வைக்க வேண்டும் என்று சொல்கிறேன். முப்பத்து சொச்சம் நிமிட இசையை இரண்டு முறை முழுதாகக் கேட்டு ஒப்பிடுவது நடக்காத காரியம். இரண்டாவது முடிவதற்குள் முதலாவதின் நுணுக்கமெல்லாம் மறந்து போயிருக்கும். அதற்குப் பதில் ஒரே துண்டை, ஒரு நிமிடத்துக்குள் அடங்குவதாக எடுத்துக்கொண்டு, மூன்று நான்கு பேர் வாசிப்பில் அடுத்தடுத்துக் கேளுங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

உட்காருவதற்கு முன் சில ஏற்பாடுகள். எல்லாப் பதிவுகளையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். இது மிக முக்கியம். கொஞ்சம் சத்தமாக இருக்கும் பதிவைத்தான் காது "உயிரோட்டமானது" என்று நினைத்துக்கொள்ளும். செயலியில் சத்தத்தைத் தானாகச் சமன் செய்யும் வசதியை நம்ப வேண்டாம், கையாலேயே சரி செய்யுங்கள். ஒரு டிராக் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் கலந்து ஒலிக்கும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இந்தச் சிம்பொனியில் மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காம் பகுதிக்குள் போகிறது. நடுவில் அரை விநாடி இடைவெளி விழுந்தாலும், ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும், சிம்பொனியின் உச்சமான இடமே கெட்டுவிடும்.

அப்புறம், எந்தப் பதிவைக் கேட்கிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். கண்டக்டர் பெயர் மட்டும் போதாது. ஆர்க்கெஸ்ட்ரா, பதிவான ஆண்டு, ஸ்டூடியோவா கச்சேரியா என்பதையும் பாருங்கள். ஃபுர்ட்வாங்லர் நடத்திய ஐந்தாம் சிம்பொனி மட்டும் பத்துக்கும் மேற்பட்ட பதிவுகளாகக் கிடைக்கிறது. 1943-இல் போர்க்கால பெர்லினில் நடத்தியதும் 1954-இல் வியன்னா பில்ஹார்மோனிக்குடன் ஸ்டூடியோவில் பதிவு செய்ததும் ஒரே மனிதருடையவைதானா என்று தோன்றும். அட்டையில் இருக்கும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டின் ஆண்டு. பதிவான ஆண்டைத் தனியாகத் தேட வேண்டும்.

சரி, முதல் இடம் எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தொடக்கம். மூன்று குட்டி ஸ்வரம், ஒரு நீண்ட ஸ்வரம். மறுபடி மூன்று, மறுபடி ஒரு நீட்டல். இரண்டு நீட்டல்களுக்கும் மேலே ஃபெர்மாட்டா என்ற நிறுத்தக் குறி போட்டிருக்கிறது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது கண்டக்டரின் விருப்பம். ஆனால் ஸ்கோரை, அதாவது எழுதி வைத்த இசைக் குறிப்பை, பார்த்தால் இரண்டாவது நீட்டல் முதலாவதைவிட ஒரு பார் (தாளத்தின் ஓர் அளவு) அதிகம். பீத்தோவன் கவனமாக எழுதிய வித்தியாசம் அது. அதை மதிக்கிறவர் யார், இரண்டையும் ஒரே அளவாக்குகிறவர் யார் என்று கேளுங்கள். நீட்டலின் முடிவையும் கவனியுங்கள். சட்டென்று வெட்டி அடுத்ததற்குத் தாவுகிறார்களா, நடுவில் மூச்சு விடுகிறார்களா? கார்லோஸ் க்ளைபர் 1974-இல் வியன்னா பில்ஹார்மோனிக்குடன் செய்த பதிவில் அந்த நீட்டலுக்குப் பிறகு ஒரு தாமதமும் இல்லை, நேராகப் பாய்ச்சல்தான். க்ளெம்பெரர் பில்ஹார்மோனியாவுடன் செய்த பதிவுகளில் ஒவ்வொன்றும் கல்தூணாக நிற்கும்.

அடுத்தது வேகம். பலரும் டிராக்கின் மொத்த நீளத்தைப் பார்த்து "இவர் வேகம், அவர் மெதுவு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். முதல் பகுதியின் தொடக்கப் பாகத்தை, 124 பார்களை, திரும்ப வாசிக்கும்படி ஸ்கோர் சொல்கிறது. அதை விட்டுவிட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் குறையும். நான்காம் பகுதியிலும் அப்படி ஒரு திரும்ப வாசிப்பு உண்டு. காரயான் 1962-இல் செய்த பதிவில் அது இல்லை, க்ளைபர் பதிவில் உண்டு. கடைசி டிராக்கின் நீளத்தில் இரண்டு நிமிட அளவுக்கு வித்தியாசம் வருவதற்கு அதுதான் பெரிய காரணம், வேகம் அல்ல. பியர் பூலே 1968-இல் நியூ பில்ஹார்மோனியாவுடன் பதிவு செய்தபோது மூன்றாம் பகுதியின் ஸ்கெர்ட்ஸோ என்ற தொடக்கத்தையும் டிரியோ என்ற நடுப் பாகத்தையும் முழுதாகத் திரும்ப வாசிக்கவைத்தார். அந்த டிராக் நீளமாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வேகத்தை அளக்க நான் பயன்படுத்தும் வழி இது. முதல் பகுதியில் முக்கால் நிமிடம் வாக்கில் ஹார்ன்கள் (ஊதுகொம்புகள்) மட்டும் தனியாக உரத்து அழைக்கும், அதற்குப் பிறகு வயலின்கள் மென்மையான இரண்டாம் கருவை, அதாவது இரண்டாவது முக்கிய மெட்டை, தொடங்கும். அந்த ஹார்ன் அழைப்பில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். தொடக்கப் பாகம் முடிந்து, எல்லாரும் ஓங்கி அடித்து, சட்டென்று ஒரு மௌனம் வரும். அங்கே நிறுத்துங்கள். இடையில் ஃபெர்மாட்டா எதுவும் கிடையாது, கணக்குச் சுத்தமாக வரும். பீத்தோவன் 1817-இல் வெளியிட்ட மெட்ரோனோம் குறிப்பு, அதாவது வேகக் குறிப்பு, நிமிடத்துக்கு 108 பார். அதன்படி வாசித்தால் இந்தத் துண்டு ஏறக்குறைய 35 விநாடியில் முடிய வேண்டும். ஜான் எலியட் கார்டினர் தன் பழங்காலக் கருவி ஆர்க்கெஸ்ட்ராவுடன் 1990-களில் செய்த பதிவு அந்தக் குறிப்பை ஒட்டி ஓடும். க்ளெம்பெரர் வெகு தூரம் பின்தங்கி வருவார்.

ஆனால் எண் முக்கால் கதைதான். அந்தத் துண்டுக்குள்ளேயே வேகம் மாறுகிறதா என்பதில்தான் கண்டக்டரின் குணம் இருக்கிறது. டாஸ்கனீனி என்பிசி சிம்பொனியுடன் 1952-இல் செய்த பதிவில் தாளம் இறுகப் பிடித்தபடி போகும். ஃபுர்ட்வாங்லர் இரண்டாம் கருவில் தளர்த்தி, உச்சம் நெருங்க நெருங்க முடுக்குவார். ஸ்டாப்வாட்சில் இருவரும் எவ்வளவு நெருங்கி வந்தாலும் உடம்பில் உணரும் விசை வேறு. சுவரில் தாளம் தட்டியபடி கேட்டுப் பாருங்கள். எங்கே உங்கள் கை தப்புகிறதோ அங்கே அவர் ஏதோ செய்திருக்கிறார்.

இப்போது நான் மிகவும் நேசிக்கும் இடம். முதல் பகுதியில், திரும்ப வாசிப்பும் சேர்ந்திருந்தால் நாலரை நிமிடத்தை ஒட்டி, தொடக்கக் கரு மறுபடி முழு பலத்துடன் திரும்பி வரும். எல்லாரும் சேர்ந்து துரத்திக்கொண்டிருக்கையில் திடீரென்று அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள். ஓபோ என்ற ஒரே ஒரு ஊதுகருவி மட்டும் மெதுவாக, தனியாகப் பாடும். ஒரே ஒரு பார்தான், மேலே அடாஜியோ, அதாவது மெதுவாக, என்று எழுதியிருக்கிறது. இந்தப் பத்துச் சொச்சம் விநாடியில் கண்டக்டர் கையைக் கீழே இறக்கி ஓபோக்காரருக்கு வழி விடுகிறாரா, அல்லது அவசரப்படுத்துகிறாரா என்று கேட்டுவிட முடியும். சில பதிவுகளில் அது ஒரு வேண்டுதல் போல இருக்கும், சிலவற்றில் கடமைக்கு ஒரு நிறுத்தம். வியன்னா பில்ஹார்மோனிக் பயன்படுத்தும் ஓபோ மற்ற ஊர் ஓபோவைப் போன்றதல்ல, அதன் குரல் வேறு. க்ளைபர் பதிவை ஏதாவது ஒரு பெர்லின் பதிவுக்குப் பக்கத்தில் வைத்து இந்த ஓர் இடத்தை மட்டும் கேளுங்கள்.

ஓபோ முடிந்து அரை நிமிடத்தில் இன்னொரு சோதனை. முன்பு ஹார்ன்கள் அழைத்தார்களே, அந்த அழைப்பு இப்போது சி மேஜர் என்ற வேறு ஸ்வர வரிசையில் திரும்புகிறது. பீத்தோவன் காலத்து ஹார்னுக்கு ஸ்வரத்தை மாற்ற உதவும் வால்வு கிடையாது. ஈ ஃபிளாட்டுக்கு அமைத்த ஹார்னில் இந்த ஸ்வரங்களை அதே முழக்கத்துடன் எடுக்க முடியாது. அதனால் பீத்தோவன் அந்த அழைப்பைப் பஸூன் என்ற மர ஊதுகருவிகளிடம் கொடுத்தார். பிற்காலத்தில் வால்வு ஹார்ன் வந்ததும், "அவர் ஹார்னைத்தான் விரும்பியிருப்பார்" என்று பல கண்டக்டர்கள் ஹார்னுக்கே மாற்றிவிட்டார்கள். கண்டுபிடிப்பது சுலபம். முதலில் கேட்ட அதே உருண்ட முழக்கம் திரும்ப வந்தால் ஹார்ன். வறண்ட, மூக்கால் பேசுவது போன்ற குரல் வந்தால் பஸூன். நான் பஸூன் பக்கம். அந்தக் குரலில் ஒரு கரகரப்பும் பதற்றமும் இருக்கிறது, துரத்தலின் நடுவே அதுதான் பொருந்துகிறது. பழங்காலக் கருவிக் குழுக்களின் பதிவில் இதைக் கேட்டுவிட்டு ஹார்னுக்குத் திரும்பினால், ஹார்ன் எனக்குக் கொஞ்சம் அதிக வெற்றிப் பெருமிதமாகப் படுகிறது. எதிர்க் கட்சிக்கும் நியாயம் உண்டு, இரண்டையும் கேட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பழங்காலக் கருவிகள் என்றதும் ஒரு விஷயம். அந்தப் பதிவுகளில் சுருதியே கொஞ்சம் தாழ்ந்திருக்கும், ஏ ஸ்வரம் 430 ஹெர்ட்ஸை ஒட்டி. இன்றைய ஆர்க்கெஸ்ட்ராக்களில் அது 440 அல்லது அதற்கும் மேல். அடுத்தடுத்துக் கேட்கும்போது தாழ்ந்த சுருதி மந்தமாகத் தோன்றும். இரண்டு நிமிடம் பொறுங்கள், காது பழகிவிடும். அதற்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இரண்டாம் பகுதியில் நான் அதிகம் நிற்பதில்லை. வயோலாக்களும் செல்லோக்களும் தொடங்கும் கருவை மட்டும் கேளுங்கள். தலைப்பில் "அந்தாந்தே", அதாவது நடை வேகம், என்பதோடு "கான் மோட்டோ", அதாவது ஓட்டத்துடன், என்றும் எழுதியிருக்கிறது. நடக்கிறதா, தூங்குகிறதா என்பது முதல் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாம் பகுதியின் நடுவில் செல்லோக்களும் டபுள் பாஸ்களும் முரட்டுத்தனமாக ஓடும் ஓட்டம் ஒலிப்பதிவின் தரத்துக்குச் சரியான பரீட்சை. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கிறதா, வெறும் உறுமலாகக் கலங்குகிறதா? அதே ஓட்டத்தை மேலே இருக்கும் தந்திகள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும்போது வயலின்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் தெரியும். க்ளெம்பெரரும் கார்லோஸ் க்ளைபரும் முதல் வயலின்களை இடப்பக்கமும் இரண்டாம் வயலின்களை வலப்பக்கமும் உட்காரவைப்பவர்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் இசை பக்கம் மாறித் தாவுவது தெளிவாகத் தெரியும்.

அதே பகுதியின் முடிவில் இருப்பதுதான் சிம்பொனியின் இதயம். தந்திகள் ஒரு ஸ்வரக் கொத்தை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க, டிம்பனி என்ற பெரிய முரசு மட்டும் அடங்கிய குரலில் தட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் முதல் வயலின்கள் தடவித் தடவி மேலே ஏறும். ஐம்பது பார்கள். பீத்தோவன் கிட்டத்தட்ட முழுவதையும் மிக மெல்லிய ஒலியிலேயே வைத்திருக்கிறார். ஒலியைக் கூட்டச் சொல்வது கடைசி எட்டுப் பார்களில்தான். அதற்குள் மொத்தச் சத்தமும் எழுந்து, டிராம்போன், பிக்கோலோ, கான்ட்ரா பஸூன் ஆகிய ஊதுகருவிகளும் முதன்முறையாகச் சேர்ந்துகொள்ள, நான்காம் பகுதி சி மேஜரில் திறக்கும்.

இங்கே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: யார் காத்திருக்கிறார்கள்? பாதியிலேயே ஒலியைக் கூட்டத் தொடங்குகிறவர்கள் பலர். கூட்டினால் கதவு திறப்பதற்கு முன்பே வெளிச்சம் தெரிந்துவிடும், அதிர்ச்சி போய்விடும். கடைசிவரை அடக்கிப் பிடிக்க மன உறுதி வேண்டும். 1947 மே மாதம், போருக்குப் பிறகு ஃபுர்ட்வாங்லர் பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் மீண்டும் மேடையேறிய கச்சேரிகளின் பதிவு இருக்கிறது. ஒலி பழையது, மோனோ, இரைச்சலும் உண்டு. ஆனால் இந்த ஐம்பது பார்களில் நேரமே நின்றுவிட்டதுபோல இருக்கும். இதையும் கார்டினரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கார்டினரிடம் டிம்பனியின் ஒவ்வொரு தட்டும் எண்ணிவிடலாம்போலத் தெளிவாக இருக்கும். ஃபுர்ட்வாங்லரிடம் அது தூரத்து அதிர்வு. இரண்டும் ஒரே பக்கத்து ஸ்கோர்தான்.

பழைய பதிவுகளைக் கேட்கும்போது கருவிகளின் நிறத்தை ஒப்பிட வேண்டாம், அதைப் பழைய மைக் பாதி தின்றிருக்கும். வேகம், மூச்சு, வாக்கியம் எப்படி வளைகிறது என்பவற்றை மட்டும் பாருங்கள். மேலும், நீங்கள் கேட்டு வளர்ந்த பதிவு ஒன்று இருந்தால் அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்டால் மற்றதெல்லாம் அதன் நகலாகவோ பிழையாகவோ படும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டே இரண்டு பதிவுகளுடன் ஆரம்பிக்கலாம். எரிக் க்ளைபர் 1953-இல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபௌ ஆர்க்கெஸ்ட்ராவுடன் செய்தது ஒன்று, அவருடைய மகன் கார்லோஸ் வியன்னாவில் செய்தது இன்னொன்று. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே இருபத்தொரு ஆண்டுகள், வேறு ஆர்க்கெஸ்ட்ரா, மோனோவுக்குப் பதில் ஸ்டீரியோ. முதலில் தொடக்கத்து நீட்டல்கள், பிறகு ஓபோ, பிறகு அந்த ஐம்பது பார்கள் என்று இருவரிடமும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கார்டினரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.