ஒரு கை தூரத்துக்குப் பெயின்ட் அடிப்பது

என் மாமா ஒவ்வொரு வருடமும் தைப்பூசக் காவடிக்கு முன்னால் கோயில் கோபுரத்துச் சுதைப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டப் போவார். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் வடக்குக் கடற்கரை ஊர்களிலும் அவருக்கு வேலை இருக்கும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது சாரத்துக்குக் கீழே நின்று டப்பா எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் மேலே ஏறிப் பக்கத்தில் பார்த்தேன். முருகனின் புருவம் என் விரல் தடிமன் இருந்தது. கன்னத்து நிழல் என்று ஒரே ஒரு பட்டை. "என்ன மாமா, முகமே சரியா இல்லையே" என்றேன். "கீழ போய்ப் பாரு கண்ணு" என்றார். இறங்கி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். முருகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்று எனக்கு 43 வயது. டர்பனின் சாட்ஸ்வொர்த் வீட்டில், இரவுச் சமையல் முடிந்த பிறகு, மேஜை மேல் விளையாடும் போர் விளையாட்டுக்கான 28 மில்லிமீட்டர் அளவுள்ள சின்னப் பொம்மைகளுக்கு, அதாவது கற்பனைக் கதைகளில் வரும் கோப்ளின்களுக்கும் எல்ஃப்களுக்கும், பெயின்ட் அடிக்கிறேன். போட்டிக்கு அனுப்பும் அளவுக்குக் கை வராது. ஆனால் ஆறடிக்கு நாலடி மேஜையில் என் படை நிற்கும்போது பார்க்க அழகாக இருக்கும். காரணம், மாமா சொன்னதைத்தான் செய்கிறேன். விளையாடுகிறவர்கள் பொம்மையை ஒரு கை தூரத்திலிருந்துதான் பார்க்கிறார்கள், அதுவும் நாற்பது பொம்மைகளைச் சேர்த்து. அந்தத் தூரத்துக்குத் தீட்டுங்கள்.

என் கணவர் சென்னைக்காரர். அவருடைய அக்கா மகன் போன மாதம் முதல் பெட்டி வாங்கினான். அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். டர்பனும் சென்னையும் கடற்கரை ஊர்கள். இரண்டு இடத்திலும் காற்றில் இருக்கும் ஈரம்தான் பெரிய எதிரி.

முதலில் எத்தனை வாங்குவது? பத்து அல்லது இருபது பொம்மை உள்ள ஒரே ஒரு பெட்டி. அது முடியும் வரை அடுத்தது வேண்டாம். கிங்ஸ் ஆஃப் வார் போன்ற விளையாட்டில் அடிபட்டவர்களை ஒவ்வொருவராக எடுப்பதில்லை, ஒரு பிரிவு முழுவதும் சேர்ந்தே நிற்கும், சேர்ந்தே விழும். அதனால் எல்லோரையும் ஒரே பலகையில் ஒட்டிவிடலாம். பின்வரிசைக்காரர்களுக்கு ஹெல்மெட், தோள், ஈட்டி முனை மூன்றும் நன்றாக இருந்தால் போதும். புதிதாக வருகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பெட்டியில் துண்டுகள் ஒட்டியபடி வரும் சட்டத்திலிருந்து அவற்றை வெட்டியதும் மோல்ட் லைனைச் சுரண்டுங்கள். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய வரப்பு போல ஓடும் கோடு அது. கத்தியின் கூரான பக்கம் வேண்டாம், முதுகுப் பக்கத்தால் இழுத்தாலே போகும். இதை விட்டுவிட்டால் பின்னால் ட்ரைபிரஷ் (மேடுகளில் மட்டும் லேசாக நிறம் தட்டுவது) செய்யும்போது அந்தக் கோடுதான் முதலில் வெளுத்துத் தெரியும். பிளாஸ்டிக்கை பிளாஸ்டிக் சிமென்டால் ஒட்டுங்கள். அது இரண்டு பக்கத்தையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும். உலோகத்துக்கும் ரெசினுக்கும் அது பிடிக்காது, சூப்பர் க்ளூதான். ரெசின் பொம்மையைப் பாத்திரம் கழுவும் சன்லைட் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவுங்கள், இல்லையென்றால் அச்சு எண்ணெய் மேலேயே இருந்து பெயின்ட் உரியும். ரெசினை ராவும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

பொம்மையை நேராகக் கையில் பிடிக்காதீர்கள். பழைய மாத்திரைக் குப்பியின் மூடியில் ஒரு உருண்டை ப்ரெஸ்டிக் வைத்து அதன் மேல் அழுத்திவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் பள்ளிக்கூடச் சுவரில் படம் ஒட்டுவதற்கு எல்லா வீட்டிலும் இருக்கும் பசை அது. குப்பியைத் திருப்பித் திருப்பி அடித்தால் விரல் எண்ணெய் பொம்மையில் படாது, கையும் வலிக்காது.

அடுத்தது ப்ரைமர், அதாவது மற்ற நிறங்கள் பிடிக்க முதலில் போடும் அடிப்பூச்சு. பலர் கைவிட்டு ஓடுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஸ்பிரே டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடிகிற மாதிரி சட்சட்டென்று வீச வேண்டும். கை நின்றால் முகம் மூழ்கிவிடும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் டர்பனில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஸ்பிரே டப்பாவை நான் தொடுவதே இல்லை. காற்று ஈரமாக இருந்தால் ப்ரைமர் சொரசொரப்பாகப் படியும், தொட்டால் மணல் மாதிரி இருக்கும். ஜூன், ஜூலையில் பனி விலகின காலை ஒன்பது மணிக்கு மேல் அடிப்பேன். அந்த மாதங்களிலும் மலையிலிருந்து சூடாக இறங்குகிற பெர்க் காற்று வீசும் நாளில் அடிப்பதில்லை. அன்றைக்கு டப்பாவுக்கும் பொம்மைக்கும் நடுவிலேயே பெயின்ட் காய்ந்து தூளாக விழும்.

கோடையில் பிரஷ்ஷால் தடவும் ப்ரைமர்தான். அகலமான மலிவு பிரஷ், மெல்லிய ஒரு கை (ஒரு பூச்சு), ஓர் இரவு முழுவதும் காயவிடுதல். மறுநாள் நகத்தால் சுரண்டினாலும் வராது. வீட்டுக்குள்ளேயே, ஜன்னல் திறந்து வைத்துச் செய்யலாம்.

நான் கறுப்பு ப்ரைமர் போடுவேன். அது காய்ந்ததும் சாம்பல் நிறத்தால் முழுவதும் ட்ரைபிரஷ், பிறகு மேலிருந்து கீழாக மட்டும் வெள்ளை ட்ரைபிரஷ். ட்ரைபிரஷ் என்றால், பிரஷ்ஷில் பெயின்ட் எடுத்து, பேப்பரில் துடைத்து, இனி ஒன்றுமே இல்லை என்று தோன்றும்போது மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தட்டுவது. முகப்பவுடர் போடும் உருண்டை பிரஷ் இதற்கு மிகவும் நல்லது. இப்போதே பொம்மைக்கு வெளிச்சமும் நிழலும் வந்துவிட்டன. இதன் மேல் கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்டை ஒரே ஒரு தடவை ஓடவிட்டால் பள்ளத்தில் தேங்கி இருண்டும், மேட்டில் மெலிந்து வெளுத்தும் நிற்கும். சிட்டாடெல் என்ற பெயின்ட் பிராண்டு 2019இல் கான்ட்ராஸ்ட்டை வெளியிட்ட பிறகு மற்றவர்களும் இந்த வகையைக் கொண்டு வந்துவிட்டார்கள். சாதாரணக் கை உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது என்பது என் கருத்து. ஒரு எச்சரிக்கை: இந்த வகையில் சில, காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் திரும்பக் கரையும். பழைய பொம்மை ஒன்றில் சோதித்துவிட்டு மேலே அடுத்த நிறத்தை வையுங்கள்.

சாதாரண அக்ரிலிக் பெயின்டுக்குத் தண்ணீர் சேர்க்காமல் அடிக்கவே கூடாது. டப்பாவில் அது தோசை மாவு பதத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது நீர்மோர் பதம். ஒரு கையில் மூடாது, இரண்டாவது கையில் மூடும். முதல் கையைப் பார்த்துப் பதறிப் போய்க் கெட்டியாக அப்பினால் முகத்தின் செதுக்கல் எல்லாம் நிரம்பிப் போய்விடும். பெயின்ட் சீக்கிரம் காயாமல் இருக்க ஈரத் தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள்: மூடியுள்ள சாப்பாட்டு டப்பா, அடியில் நனைத்த சமையலறைப் பேப்பர், மேலே பேக்கிங் பேப்பர். இரண்டு நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும், எங்கள் ஊர் வெக்கையில் பூஞ்சை பிடித்துவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் என் அக்கா வீட்டில் இது இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம், வறண்ட காற்று, பிரஷ் பொம்மையைத் தொடுவதற்குள் நுனி காய்ந்துவிடுகிறது.

நிறங்கள் பத்து போதும். கறுப்பு, வெள்ளை, எலும்பு நிறம், தோல் பழுப்பு, உடம்பு நிறம் (என் கோப்ளின்களுக்குப் பச்சை), படைக்கு அடையாளமாக ஒரு சிவப்பு, இரும்பு, தங்கம், பழுப்பு வாஷ், கறுப்பு வாஷ் (வாஷ் என்பது பள்ளங்களில் நிழல் தரும் நீர்த்த பெயின்ட்). பிரஷ் மூன்று: அகலமானது ஒன்று, நுனி கூரான 1ஆம் எண் ஒன்று, உலோக நிறத்துக்குத் தனியாக ஒன்று. உலோகத் துகள் மற்ற நிறத்தில் கலந்தால் கோப்ளின் கன்னம் மினுமினுக்கும். மிகச் சின்ன பிரஷ் வாங்காதீர்கள். அதில் பெயின்ட் நிற்பதே இல்லை, நுனி கூராக இருந்தால் 1ஆம் எண்ணே கண்ணுக்கும் போதும்.

பத்து பொம்மையை வரிசையாக நிறுத்தி ஒரு நிறத்தைப் பத்துக்கும் அடியுங்கள். பத்தாவது முடியும்போது முதலாவது காய்ந்திருக்கும். உள்ளே இருப்பது முதலில், வெளியே இருப்பது பிறகு: உடம்பு, துணி, தோல் வார், கடைசியில் கவசமும் ஆயுதமும். கேடயத்தை ஒட்டாமல் தனியாக அடியுங்கள், இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் கைக்குப் பிரஷ் போகாது. இருபது பொம்மையை ஒரே வரிசையில் வைத்தால் மனம் சோர்ந்துவிடும், பத்துதான் என் எல்லை.

அப்புறம் வாஷ். ரசத்தின் தெளிவு மாதிரி நீர்த்த பெயின்ட், பள்ளங்களில் போய் உட்காரும். மாமா இரண்டு நிறங்களுக்கு நடுவில் ஒரு கருங்கோடு இழுப்பார், தூரத்திலிருந்து கை தனியாக, மார்பு தனியாகத் தெரிவதற்கு. வாஷ் அதே வேலையைத் தானாகவே செய்கிறது. குழம்பு போலத் தேங்கினால் பிரஷ்ஷைத் துடைத்து ஈரநுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் ஓரத்தில் கறை வளையம் விழும். பாதி காய்ந்ததைத் தொடவே கூடாது. பிப்ரவரியில் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தட்டை ஓரமாக வைத்துவிட்டு மறுநாள் பள்ளிக்கு மகளின் சாப்பாட்டைக் கட்டிவைப்பேன்.

காய்ந்ததும் முதலில் அடித்த அதே நிறத்தை மூக்கு, கன்னம், தோள், முழங்கால் மேட்டில் மட்டும் மீண்டும் வையுங்கள். ஈட்டி முனையில் ஒரு வெள்ளிக் கோடு. அவ்வளவுதான் ஹைலைட். தலைவன், கொடி பிடிப்பவன், முன்வரிசை, இவர்களுக்கு மட்டும் கூடுதலாக அரை மணி நேரம் கொடுங்கள், பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். கண் விஷயத்தில் மட்டும் மாமாவின் முறை இங்கே உதவாது. கோயிலில் கண் திறப்பது கடைசி. சின்னப் பொம்மையில் கண் முதலில்: வெண்மை, அதன் மேல் கறுப்பு, கோணலாகப் போனால் சுற்றிலும் தோல் நிறத்தால் மூடிச் சரிசெய்யலாம். கடைசிக்கு விட்டால் முடித்த முகமே கெடும். சிப்பாய்களுக்குக் கண் வேண்டாம், வாஷ் போட்ட நிழலே போதும்.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023இல் லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சார்ஜ் விளக்கில்தான் அடித்தேன். அது மஞ்சள் வெளிச்சம். பகலில் பார்த்தபோது எலும்பு நிறம் என்று நினைத்தது வெள்ளையாக இருந்தது. இப்போது பகல்வெளிச்ச வகை எல்இடி விளக்கு, இடது பக்கத்தில்.

பேஸ், அதாவது காலடித் தட்டு, கட்டாயம் முடியுங்கள். முகம் சுமாராக இருந்தாலும் பேஸ் நன்றாக இருந்தால் படை முழுமையாகத் தெரியும். மரப் பசை தடவி, சலித்த கட்டட மணலில் தோய்த்து, காய்ந்ததும் செம்பழுப்பு அடித்து, வாஷ், மேலே லேசான ட்ரைபிரஷ். கடற்கரை மணல் என்றால் நன்றாகக் கழுவி அடுப்பில் காயவைக்க வேண்டும், உப்பு வெளியே பூக்கும். டர்பனின் பெரியா மேட்டில் செம்மண் இருக்கிறதே, அந்த நிறம்தான் என் எல்லாப் படைகளுக்கும். விளிம்பு எப்போதும் கறுப்பு, கலங்கலாக விடக்கூடாது.

வார்னிஷில் ஒரு தடவை நான் அழுதிருக்கிறேன். 2022 ஜனவரி மதியம், இரண்டு மாதம் உழைத்த இருபது எல்ஃப்களின் மேல் பளபளப்பு இல்லாத ஸ்பிரே வார்னிஷ் அடித்தேன். அரை மணியில் எல்லாம் வெண்பனி படிந்த மாதிரி மூடிவிட்டது. ஈரக் காற்றில் அப்படி ஆகும். பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ஷால் ஒரு கை தடவியதும் நிறம் பெரும்பாலும் திரும்பி வந்தது. அதற்கு மேல் மேட் வார்னிஷ் பிரஷ்ஷாலேயே போட்டேன். இரண்டு எல்ஃப்களின் மேலங்கியில் மட்டும் இன்னும் லேசான மூட்டம் இருக்கிறது, அவர்கள் பின்வரிசையில் நிற்கிறார்கள். அன்றிலிருந்து வருடம் முழுவதும் வார்னிஷுக்குப் பிரஷ்தான்.

முதல் பத்து முடிந்த அன்றைக்கே ஒரு அட்டையில் எழுதி வையுங்கள்: எந்தப் பச்சை, எத்தனை சொட்டுத் தண்ணீர், எந்த வாஷ், ட்ரைபிரஷ்ஷுக்கு எந்த நிறம். நான் அதே அட்டையில் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். அடுத்த பத்தை எடுக்க மூன்று மாதம் ஆகலாம். அந்த அட்டை இருந்தால் இருபதும் ஒரே படையாக நிற்கும்.