திங்கட்கிழமை அளந்து செவ்வாய்க்கிழமை தொடங்காதீர்கள்: வலுப்பயிற்சி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு பிஎச்.டி. வைவாவுக்குப் போயிருந்தேன். நல்ல பையன், உழைப்பாளி. அறுபது தாண்டிய பெண்களுக்குப் பன்னிரண்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்திருந்தான். மூன்றாவது ஸ்லைடில் இரண்டு வரி: "முன்தேர்வு: திங்கள். பயிற்சித் தொடக்கம்: செவ்வாய்." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் என் தீசிஸிலும் இதே இரண்டு வரி இருந்தன.

உடற்பயிற்சியை மருந்துபோல அளந்து கொடுத்து, தசை இழப்புக்கும் எலும்புத் தேய்வுக்கும் சர்க்கரைக்கும் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் தொழில். உடற்கல்வி படித்தவர்கள், பிசியோதெரபி முடித்தவர்கள், ஒன்றிரண்டு டாக்டர்கள் என்று பல வாசல் வழியாக இதற்குள் வருகிறார்கள். எந்த வாசல் வழியாக வந்தாலும் விழுகிற பள்ளம் என்னவோ ஒன்றுதான். காப்பி அடிக்காதே, மேற்கோளை ஒழுங்காகப் போடு என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. கைடு சொல்வார், அவர் விட்டால் சாஃப்ட்வேர் சொல்லும்.

கல்லூரிப் பையன்களை அளந்துவிட்டுப் பாட்டிகளுக்கு முடிவு சொல்வது

ஹாஸ்டலில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள், வருகைப் பதிவேட்டுக்குப் பயப்படுவார்கள். அதனால் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டப்படிப்பு மாணவர்கள் நாற்பத்தைந்து பேர், பதினைந்து பதினைந்தாக மூன்று குழு. ஏன் பதினைந்து? சீனியர் தீசிஸில் பதினைந்து இருந்தது. பிறகு கடைசி அத்தியாயத்தில் "இம்முடிவுகள் முதியோருக்கும் பயன்படும்" என்று ஒரு வாக்கியம். ஏற்கெனவே தண்டால் எடுக்கிற இருபது வயதுப் பையனும், தரையில் உட்கார்ந்தால் எழக் கை ஊன்றும் எழுபது வயது அம்மாவும் ஒரே உடம்பு இல்லை. அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். முடிந்தால் அந்த அம்மாவிடமே போங்கள்.

பழக்காமல் அளப்பது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

ஒன்-ஆர்எம் என்பது ஒருவர் ஒரே ஒரு தடவை மட்டும் ஒழுங்காகத் தூக்கவோ தள்ளவோ முடிகிற அதிகபட்ச எடை. எங்கள் துறையின் தராசுக்கல் அது. பயிற்சிக்கு முன் ஒரு ஒன்-ஆர்எம், பின் ஒரு ஒன்-ஆர்எம், கழித்தால் வருவது முன்னேற்றம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கோயம்புத்தூரை ஒட்டிய ஒரு கிராமத்தின் சமுதாயக் கூடம். லெக் பிரஸ் எந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து டெம்போவில் கொண்டுபோய் இறக்கினோம். வந்த பெண்களை வரிசையாக உட்காரவைத்து இரண்டே நாளில் எல்லோரையும் அளந்து முடித்தேன். என் வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமை.

அந்த அம்மாக்கள் அதுவரை அப்படி ஓர் எந்திரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் தூக்கிப் பலகையில் வைத்து, அறியாத பையன் ஒருவன் பக்கத்தில் நிற்கத் தள்ள வேண்டும். சேலை வேறு. ஒருவருக்கு முந்தானையைச் சரிசெய்வதிலேயே பாதி கவனம் போனது. இன்னொருவர் வீட்டுக்குத் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பவர். கொஞ்சம் எடை ஏற்றியதுமே "போதுஞ்சாமி, இதுக்கு மேல முட்டி போயிரும்" என்று இறங்கிவிட்டார். அந்த எண்ணை நான் அவருடைய வலு என்று எழுதிக்கொண்டேன். அன்றைக்கு எந்திரம் காட்டியது பாதி வலு, பாதி பயம், பாதி வெட்கம்.

பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பிளந்து கட்டினார்கள். லெக் பிரஸ் எண்கள் எங்கேயோ போய்விட்டன. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து எழும் சோதனை பெரிதாக அசையவில்லை. நடை வேகம் அப்படியே. தொடைச் சுற்றளவும் அப்படியே. இது ஏன் என்று உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். "மேலும் ஆய்வு தேவை" என்று ஒரு வரி போட்டு மூடிவிட்டு ஜர்னலுக்கு அனுப்பினேன்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. தாளைப் பரிசீலித்த ரெவ்யூவர் பக்கம் பக்கமாகத் திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் கேட்டது ஒரே கேள்வி: அளப்பதற்கு முன் எந்திரத்தைப் பழக்க எத்தனை அமர்வுகள் கொடுத்தீர்கள்?

பூஜ்யம்.

புதிதாக ஓர் எந்திரத்தில் ஏறும்போது முதல் சில வாரங்களில் கூடுகிற எடையில் பெரும்பகுதி தசை வளர்ந்ததால் வருவதில்லை. எந்தத் தசையை எப்போது கூப்பிடுவது, எதிர்ப்பக்கத் தசையை எப்போது தளரவிடுவது என்று நரம்பு கற்றுக்கொள்கிறது. மொரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். 1986-இல் ரதர்ஃபோர்டும் ஜோன்ஸும் பன்னிரண்டு வாரம் காலை நீட்டி எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியில் தூக்கிய எடை 160 முதல் 200 சதவீதம் வரை கூடியது. அதே தொடைத் தசையை அசையாமல் இறுக்கச் சொல்லி விசையை அளந்தபோது கூடியிருந்தது வெறும் 3 முதல் 20 சதவீதம். கற்றுக்கொண்டது போலி இல்லை, அதுவும் உடம்பின் லாபம்தான். ஆனால் தீசிஸ் தலைப்பில் "தசை வலுவூட்டம்" என்று போட்டுவிட்டு இந்தக் கணக்கைக் காட்ட முடியாது.

2001-இல் ப்ளூட்ஸ்-ஸ்னைடரும் கியாமிஸும் இன்னும் நேரடியாகவே கேட்டார்கள்: ஒன்-ஆர்எம் எண் ஒரு நிலைக்கு வர எத்தனை அமர்வு வேண்டும்? இளம்பெண்களுக்கு மூன்று நான்கு. வயதான பெண்களுக்கு எட்டு ஒன்பது. என் தீசிஸ் தொடங்குவதற்கு எத்தனையோ வருடம் முன்பே வெளிவந்த தாள். நான் படிக்கவில்லை.

இங்கே எல்லோரும் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: "அதான் சார் கன்ட்ரோல் குரூப் இருக்கே." பயிற்சி கொடுக்காமல், ஒப்பிட மட்டும் வைத்திருக்கும் குழு அது. யோசித்துப் பாருங்கள். வாரம் மூன்று நாள், பன்னிரண்டு வாரம் என்றால் பயிற்சிக் குழு எந்திரத்தில் 36 தடவை உட்காருகிறது. கன்ட்ரோல் குழு இரண்டே தடவை: முதல் நாளும் கடைசி நாளும். ஒரு பக்கம் கற்றல் மலைபோல் ஏறும், மறுபக்கம் துளி ஏறும். கழித்தால் கற்றல் போகாது. அது முழுக்க உங்கள் பயிற்சியின் கணக்கில் வரவு ஆகும். இரண்டாவது சமாதானம், "அன்கோவா போட்டுச் சரிசெய்துவிடலாம்." அன்கோவா ஒரு புள்ளியியல் முறை; தொடக்கத்தில் இரு குழுவுக்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தைச் சரிசெய்யும். இரண்டு குழுவையும் சேர்த்துத் தப்பாக அளந்ததைச் சரிசெய்ய எந்தப் புள்ளியியலும் கிடையாது.

திரும்ப அளக்கவும் வழியில்லை. அந்தப் பெண்கள் எந்திரம் பழகியவர்கள் ஆகிவிட்டார்கள். மறுபடி பழகாதவர்களாக ஆக்க முடியாது. புது ஊர், புது ஆட்கள், எதிக்ஸ் கமிட்டிக்கு மறுபடி நடை. ஒன்றரை வருடம் போனது. ஃபெலோஷிப் காலம் முடிந்துவிட்டதால் மாலை நேரத்தில் ஒரு ஜிம்மில் பயிற்சியாளராக நின்று செலவை ஓட்டினேன். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்றாவது வாரத்திலேயே "எடை ஏறிடுச்சு மாஸ்டர்!" என்று குதிக்கும்போதெல்லாம் அந்த ரெவ்யூவர் ஞாபகம்தான்.

இப்போது நான் செய்வது இது. முதல் இரண்டு மூன்று வாரம் எல்லோருக்கும் பழக்க அமர்வு. லேசான எடை, முறை மட்டும் கற்றுக்கொள்ள. அப்புறம், குறைந்தது 48 மணி நேர இடைவெளியில் இரண்டு நாள் ஒன்-ஆர்எம். இரண்டு எண்ணும் ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் மூன்றாவது நாள். அதன் பிறகே சீட்டுக் குலுக்கிக் குழு பிரிப்பேன். கடைசி அளவுக்கு முன் கன்ட்ரோல் குழுவுக்கும் ஓர் அமர்வு எந்திரத்தை ஞாபகப்படுத்துவேன். கூடவே, பயிற்சியில் இல்லாத ஒன்றையும் அளப்பேன்: அசையாமல் இறுக்கும் விசை, நாற்காலி, படி ஏற்றம்.

எங்கள் துறையில் எல்லோர் ஸ்லைடிலும் வரும் எண் 174. பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் தொண்ணூறு வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடும் வலுப்பயிற்சி கொடுத்து 1990-இல் வெளியிட்டது. வலு 174 சதவீதம் கூடியது. அருமையான வேலைதான், முதியோர் எடை தூக்கலாமா என்ற பயத்தையே உடைத்தது. ஆனால் அதே தாளில் தொடைத் தசைப் பரப்பு 9 சதவீதம் கூடியதாகவும் இருக்கிறது. அதை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை. அதே குழு 1994-இல் நூறு பேரை வைத்துக் கன்ட்ரோலோடு செய்தது: பயிற்சி செய்தவர்களுக்கு 113 சதவீதம், செய்யாதவர்களுக்கு 3 சதவீதம், செய்தவர்களின் தொடைத் தசைப் பரப்பு 2.7 சதவீதம். நடை வேகத்தையும் படி ஏறும் திறனையும் கூடவே அளந்து, அவையும் கூடியதைக் காட்டினார்கள். ஸ்லைடில் போட வேண்டியது இந்த முழு வரிசையை.

வைவாவில் அந்தப் பையனிடம் இதைக் கேட்டேன். "எத்தனை பழக்க அமர்வுப்பா?" அவன் கைடைப் பார்த்தான். கைடு மேஜையைப் பார்த்தார்.

பயிற்சி கொடுத்தவரே அளப்பது

"இன்னொண்ணு ஆத்தா, இன்னொண்ணே ஒண்ணு!" என்று பயிற்சிக் குழுவுக்குக் கத்தியிருக்கிறேன். கன்ட்ரோல் குழு வந்தபோது மரியாதையாக "தள்ளுங்கம்மா" என்றேன். மூன்று மாதம் பழகியவர்கள் ஒரு பக்கம், முகமே மறந்தவர்கள் மறுபக்கம்; வேண்டுமென்று செய்யவில்லை. சத்தம் போட்டு ஊக்கினால் விசை கூடும் என்பது அளந்தே காட்டப்பட்டது. அளப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும். யார் எந்தக் குழு என்று அவருக்குத் தெரியக் கூடாது. என்ன சொல்லி ஊக்குவது என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

குழுவுக்குள்ளேயே கழித்துவிட்டு வெற்றி என்பது

பயிற்சிக் குழுவில் மாற்றம் குறிப்பிடத்தக்கது, கன்ட்ரோலில் இல்லை, ஆகவே பயிற்சி வேலை செய்கிறது. தப்பு. இரண்டு மாற்றங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சோதியுங்கள்.

டோஸ் எழுதாமல் விடுவது

"பங்கேற்றோருக்கு வலுப்பயிற்சி அளிக்கப்பட்டது." எத்தனை செட், எத்தனை தடவை, ஒன்-ஆர்எம்மில் எத்தனை சதவீதம், நடுவில் எவ்வளவு ஓய்வு, எடையை எப்போது ஏற்றினீர்கள், வராதவர் எத்தனை அமர்வு வரவில்லை? மாத்திரை ஆய்வில் "மாத்திரை கொடுத்தோம்" என்று எழுதினால் யார் விடுவார்கள்?

ஜிம்மில் கேட்கும் "மூணு செட், பத்து ரெப்" எங்கிருந்து வந்தது என்று மாணவர்களைக் கேட்பேன், பெரும்பாலும் தெரியாது. தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், சிகாகோவில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு எடை கொடுத்துத் தேற்றினார். 1945-இல் எழுதிய தாளில் ஒரு அமர்வுக்கு 70 முதல் 100 தடவை. 1948-இல் வாட்கின்ஸுடன் எழுதியபோது அவ்வளவு வேண்டாம், 20 முதல் 30 போதும் என்று தானே குறைத்துக்கொண்டார். எண்ணி எழுதிவைத்ததால்தான் குறைக்க முடிந்தது. ஆய்வில் கொடுத்த பயிற்சியைப் பற்றி என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் செர்ட் பட்டியல் 2016-இல் வந்தது. அதில் 16 அம்சங்கள் இருக்கின்றன. அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

பதிவு

முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதிப் பதிவை ஏற்பதில்லை. "நாங்கள் மருந்தா கொடுத்தோம்?" என்று ஜர்னல் எடிட்டரிடம் வாதாடிப் பாருங்கள்.

மூன்று நாளில் அச்சேற்றித் தரும் ஜர்னல்

வேண்டாம்.

ஐரோப்பாவின் வெட்டுப்புள்ளியை அப்படியே எடுப்பது

தசை இழப்பைக் கண்டுபிடிக்கக் கைப்பிடி வலு அளக்கிறோம். இதற்கான ஐரோப்பிய நிபுணர் குழுவின் திருத்திய வரையறையில் பெண்ணுக்கு 16 கிலோவுக்குக் கீழே, ஆணுக்கு 27-க்குக் கீழே என்றால் குறைவு. ஆசிய நிபுணர் குழு 2019-இல் சொன்னது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 28. 17 கிலோ காட்டும் ஓர் அம்மா முதல் கணக்கில் நலம், இரண்டாவதில் வலு குறைந்தவர். எதை எடுத்தீர்கள், எந்த வருடப் பதிப்பு என்று எழுதினால் போதும். பாதித் தீசிஸ்களில் அது இருப்பதில்லை.

நாள் பார்க்காமல் தொடங்குவது

என் இரண்டாவது ஆய்வைப் பங்குனியில் தொடங்கினேன். பழக்க அமர்வெல்லாம் பக்காவாக முடிந்தது. மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டார்கள். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற விடியற்காலையில் போகிறவர்கள் என் ஆறு மணி அமர்வுக்கு எப்படி வருவார்கள்? விரதம் இருப்பவர்களை எடை தள்ளச் சொல்லவும் மனசு வரவில்லை. அது முடிந்தால் பள்ளி விடுமுறை, பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வைகாசியில் கல்யாணம். நடுவில் நூறு நாள் வேலைக்குக் கூப்பிட்டால் எந்திரம் எம்மாத்திரம்?

எந்தப் பன்னிரண்டு வாரத்தை எடுத்தாலும் ஏதாவது ஒன்று குறுக்கே வரும். அதனால் இப்போது வாரக் கணக்கை விட்டுவிட்டு அமர்வுக் கணக்கு வைக்கிறேன்: 36 அமர்வு, முடிக்கப் பதினாறு வாரம் அவகாசம். எத்தனை நாள் இடைவெளி விழுந்தது என்பதும் தனிப் பத்தியில் பதிவாகும். ஆய்வுத் திட்டத்திலேயே இப்படி எழுதிப் பதிந்துவிடுவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஊருக்குப் போனதும் முதலில் பார்ப்பது பூசாரியை. கம்பம் என்றைக்கு நடுகிறார்கள் என்று அவர் சொன்ன பிறகே எந்திரத்துக்கு டெம்போ பேசுகிறேன்.