பாடச்சுமையோடு பகுதிநேர வேலை: கணக்கு எங்கே தப்புகிறது?

வகுப்பு வாரத்துக்கு 18 மணி நேரம், வேலை 20 மணி நேரம். கூட்டினால் 38. முழுநேர வேலை பார்ப்பவரைவிடக் குறைவுதானே என்று தோன்றும். பலரும் முதலில் சறுக்குவது இந்தக் கூட்டலில்தான்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் ஏழரை மணி நேரத் தூக்கத்துக்கு 52.5 போய்விடும். சாப்பாடு, குளியல், துணி துவைப்பது, அறையைப் பெருக்குவது எல்லாவற்றுக்கும் நாளுக்கு இரண்டரை மணி வைத்தால் 17.5. மீதி 98. இதில் வகுப்புக்கு 18. வகுப்பில் உட்காரும் ஒவ்வொரு மணிக்கும் வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, அதற்கு 36. (ஐரோப்பியக் கிரெடிட் முறையில் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள்: ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, செமஸ்டருக்கு 30 கிரெடிட்.) மீதி 44. கல்லூரிக்குப் போய்வர ஏழரை மணி நேரம் என்றால் 36.5 நிற்கும்.

இப்போது வேலை. 20 மணி என்பது சம்பளம் வரும் நேரம் மட்டும். ஐந்து மணி நேர ஷிஃப்ட் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் போய்வர 40 நிமிடம். சீருடை மாற்ற, கல்லாவை எண்ணி ஒப்படைக்க இன்னொரு 20 நிமிடம். ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் ஓசியில் போகிறது. ஆக வேலை 24. கையில் மிஞ்சுவது பன்னிரண்டரை.

அதுவே தாராளம் போலத் தெரியும். மூன்று பாடங்களின் அசைன்மென்ட் ஒரே வாரத்தில் வந்து, ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம் கூடுதலாகக் கேட்டால் 18 வேண்டும். துண்டு விழும் ஐந்தரை மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்துதான் எடுப்பீர்கள். இந்தக் கணக்கை உங்கள் எண்களை வைத்து, வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே போட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு போட்டால் யாருக்குச் சமாதானம் சொல்வது என்பதே தலைவலி.

சாதாரண வாரத்தை வைத்துத் திட்டமிடுவது

செமஸ்டரின் முதல் மூன்று வாரம் எல்லோருக்கும் சுலபம்தான். அந்தச் சுலபத்தை நம்பி நான்கு ஷிஃப்டை ஐந்தாக்கிக்கொள்வதுதான் கெடுதல். வேலை நேரத்தை முடிவுசெய்ய வேண்டியது உங்கள் மோசமான வாரம்.

அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பாடத்திட்ட அட்டவணைகள் கைக்கு வந்த அன்றே எல்லாப் பாடங்களின் தேர்வு, அசைன்மென்ட், லேப் ரெக்கார்டு, வைவா தேதிகளையும் ஒரே தாளில், வாரம் வாரமாக எழுதுங்கள். பாடத்துக்கு ஒரு தாள் என்று வைத்தால் மோதல் கண்ணில் படாது. ஒரே வாரத்தில் மூன்றுக்கு மேல் விழுந்தால் சிவப்பு வட்டம் போடுங்கள். பொதுவாக நடுவில் ஒன்றோ இரண்டோ, கடைசியில் இரண்டு மூன்று வாரங்களோ சிவக்கும். இந்தத் தேதிகள் உங்களுக்கு மட்டும் தெரிந்து பயனில்லை. ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல், போடுபவருக்கு, அது வெளிவருவதற்கு முன்பே தெரிய வேண்டும். வந்த ரோஸ்டரை மாற்றக் கேட்டால், உங்களுக்காக இன்னொருவரின் நாளைக் கலைக்க வேண்டியிருக்கும். மேனேஜர் முகம் சுளிப்பது அதனால்தான். மூன்று வாரம் முன்பே, எழுத்தில், இந்த மாதிரி அனுப்புங்கள்:

“சார், 12 முதல் 24-ஆம் தேதி வரை எனக்குத் தேர்வு. அந்த நாட்களில் சனி, ஞாயிறு மட்டும் வர முடியும். 25-இலிருந்து வழக்கம்போல நான்கு ஷிஃப்ட் எடுத்துக்கொள்கிறேன்.”

எது முடியாது, எது முடியும், எப்போது பழையபடி திரும்புவீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. “கொஞ்சம் படிக்கணும் சார், பார்த்துக் குறைச்சுக் கொடுங்க” என்று சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் குறையாது.

“எப்போ வேணும்னாலும் வர்றேன்”

வேலை கிடைக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் நேர்காணலில் வாயிலிருந்து வரும் வாக்கியம் இது. வகுப்பு முடிந்த அரை மணியில் ஷிஃப்ட் தொடங்கும்படி போட்டுவிட்டு, “நீதானே சொன்னாய்” என்பார்கள். எந்தெந்தக் கிழமை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று முதல் நாளே கொடுங்கள். வகுப்பு முடிவதற்கும் ஷிஃப்ட் தொடங்குவதற்கும் நடுவில், பயண நேரம் போக, 45 நிமிடமாவது விடுங்கள். சாப்பிடுவதும் அதற்குள்தான்.

இதே ரகத்தில் இன்னொன்று, வாட்ஸ்அப் குழுவில் “இன்னிக்கு யாராவது என் ஷிஃப்ட் எடுத்துக்க முடியுமா?” என்று வந்ததும் கை தானாகவே கட்டைவிரலைத் தூக்குவது. உதவக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஐந்து மணி நேரத்தில் எழுத வைத்திருந்த அறிக்கையை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எழுதுவீர்கள் என்று சொல்ல முடிந்தால் சரி என்று போடுங்கள். முடியாவிட்டால் அந்தச் செய்தியைப் பார்க்காதது போலவே இருங்கள்.

படிப்பை ஷிஃப்டுக்குப் பின்னால் தள்ளுவது

அட்டவணையில் இரவு 11 முதல் 1 வரை “கணக்கு” என்று எழுதுவது எளிது. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் அப்போது 17 மணி நேரமாக விழித்திருக்கிறார். அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதாகத் தூக்கமின்மை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம் வரையறுக்கும் அளவு அது. அந்த நேரத்தில் ஒரே பத்தியை நான்கு முறை படித்துவிட்டு, நமக்கு இந்தப் பாடம் ஏறாது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. பாவம், பாடத்தின் மேல் குற்றமில்லை.

புதிதாகப் புரிய வேண்டியது, கணக்கு போடுவது, கட்டுரை யோசிப்பது எல்லாம் ஷிஃப்டுக்கு முன்னால். ஷிஃப்டுக்குப் பிறகு கைவேலை மட்டும்: ரெக்கார்டில் படம் வரைவது, மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பது, கோப்பை ஏற்றுவது, மறுநாள் பையை அடுக்குவது. அதுவும் அரை மணிக்கு மேல் வேண்டாம்.

இரவு கடையை மூடிவிட்டு மறுநாள் காலை எட்டு மணி வகுப்பு வரும் நாட்கள் இன்னும் மோசம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதி, ஒருநாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே 11 மணி நேர ஓய்வு கேட்கிறது. சட்டம் உங்கள் ஊரில் எப்படியிருந்தாலும், ஷிஃப்ட் முடிவுக்கும் காலை வகுப்புக்கும் நடுவில் அந்த 11-ஐ வைத்துப் பார்த்தால் எந்தக் கிழமையில் இரவு ஷிஃப்ட் எடுக்கக் கூடாது என்று தெரிந்துவிடும்.

பாடங்களை எண்ணிக்கையால் அளப்பது

ஐந்து பாடம் எல்லா நேரமும் ஐந்து பாடமல்ல. மூன்று மணி நேர லேபுக்குப் பெரும்பாலும் ஒன்றோ ஒன்றரையோ கிரெடிட்தான் கிடைக்கும். ரெக்கார்டு எழுதும் நேரம் தனி. இரண்டு லேப், ஒரு புராஜெக்ட் என்று ஒரே செமஸ்டரில் குவித்தால் கிரெடிட் எண் சாதுவாகத் தெரியும், நேரம் தெரியாது. பதிவுசெய்த வீடியோ பாடங்களை “எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்” என்று எடுப்பதும் அப்படித்தான். குறித்த நேரம் இல்லாத பாடம்தான் முதலில் தேங்கும். அதற்கும் கிழமை, மணி குறித்து வையுங்கள்.

பாடத்தைக் கைவிடப் பல கல்லூரிகளில் இரண்டு கெடு இருக்கும்: மதிப்பெண் பட்டியலில் தடமே இல்லாமல் விலகும் தேதி ஒன்று, விலகியதாகப் பதிவாகும் தேதி இன்னொன்று. முதல் தேதி சில வாரங்களிலேயே முடிந்துவிடும். விலகுவதால் கிரெடிட் குறைந்து, முழுநேர மாணவர் என்ற தகுதியோ உதவித்தொகையோ போகுமா என்றும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு விசா வரம்பு வேறு இருக்கிறது, அதைத் தோராயமாக எண்ணக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். அந்த இரண்டு வாரம் எந்தத் திங்கட்கிழமையிலிருந்தும் தொடங்கும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதல் வாரம் 20, இரண்டாவது 28, மூன்றாவது 28 என்று வேலை செய்தால் முதல் இரண்டும் சேர்ந்து 48, சரி. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 56, மீறல். இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்ட வேண்டும்.

வகுப்பை வெட்டிவிட்டு வேலைக்குப் போவது

தப்பவிட்ட ஒரு மணி வகுப்பை ஒரு மணியில் மீட்க முடியாது. நோட்ஸ் வாங்கி, புரியாததை யாரிடமாவது கேட்டு, தானே படித்து முடிக்க இரண்டு மூன்று மணி ஆகும். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வெழுதவே விடாத கல்லூரிகளும் உண்டு. கூடுதல் ஷிஃப்டுக்கு ஆசை வரும்போது இன்னொரு வகுத்தல் போடுங்கள்: ஒரு பாடத்தைத் திரும்பப் படிக்கக் கட்ட வேண்டிய பணத்தை உங்கள் மணிக்கூலியால் வகுங்கள். வரும் எண், அந்த ஒரு தோல்வியை அடைக்க நீங்கள் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்பது.

குழு புராஜெக்டில் கூட இருப்பவர்களிடம், நீங்கள் பகுதிநேர வேலை பார்ப்பதைக் கடைசி வாரத்தில் சொல்லாதீர்கள். முதல் கூட்டத்திலேயே சொல்லி, தொடக்கத்தில் முடியும் பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேராசிரியரிடம் அவகாசம் கேட்பதென்றால் கெடுவுக்கு நான்கைந்து நாள் முன்பே, இதுவரை எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

திட்டமிட்ட படிப்பு நேரத்தில் பாதிக்கு மேல் இரண்டு வாரம் தொடர்ந்து தவறினால் வேலையைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்போது ஷிஃப்டின் நீளத்தைக் குறைக்காமல் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஐந்து மணி நேரத்தை நான்காக்கினால் போய்வரும் நேரமும் கல்லா எண்ணும் நேரமும் அப்படியே இருக்கும். நான்கு ஷிஃப்டை மூன்றாக்கினால் சம்பளத்தில் ஐந்து மணி நேரம் குறையும், உங்களுக்குக் கிடைப்பது ஆறு.