மருத்துவமனையில் தீப் பாதுகாப்பு: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

"ஃபயர் சேஃப்டியை இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு ஃபைலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் தீயணைப்புத் துறை தந்த பழைய என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) நகல் ஒன்று, தீயணைப்பு சிலிண்டர் நிரப்பிய பில்கள், எப்போதோ நடந்த பயிற்சியின் மங்கலான புகைப்படம். பெரும்பாலானவர்கள் உடனே சான்றிதழ் எப்போது காலாவதியாகிறது என்று தேடுவார்கள். அதுவும் வேண்டியதுதான், ஆனால் வேலை அங்கே தொடங்குவதில்லை.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்திலோ கடையிலோ மணி அடித்தால் எல்லோரும் இறங்கி ஓடிவிடலாம். வென்டிலேட்டரில் இருப்பவரும், அறுவை சிகிச்சை மேசையில் மயக்கத்தில் கிடப்பவரும், இன்குபேட்டரில் இருக்கும் குழந்தையும் ஓட முடியாது. அதனால்தான் மருத்துவமனைக்கான விதிகள் எல்லாம் ஒரே திட்டத்தைச் சுற்றி வருகின்றன: தீயையும் புகையையும் பிறந்த இடத்திலேயே அடைத்துவைப்பது, நோயாளிகளை அதே தளத்தில் பக்கத்துப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போவது. கீழே இறக்குவது அதற்கு அப்புறம்தான். இந்தத் திட்டம் புரிந்துவிட்டால், எந்த நாட்டு விதிப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒவ்வொரு வரியும் எதற்காக இருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

படி 1: அனுமதி பெற்ற வரைபடத்தோடு நடங்கள்

கட்டட அனுமதி வாங்கும்போது கொடுத்த வரைபடத்தைத் தேடி எடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அடித்தளம் முதல் மொட்டைமாடி வரை நடந்து, மாறியிருப்பதையெல்லாம் சிவப்புப் பேனாவால் குறியுங்கள். நடுவில் புதிதாக எழுந்த தடுப்புச் சுவர், கண்ணாடி போட்டு மூடிய பால்கனி, மருந்துக் கிடங்காகிவிட்ட மாடிப்படி முகப்பு என்று நிறையக் கிடைக்கும்.

அடித்தளத்தில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் தீ பிடித்தது அடித்தளத்தில்தான். வண்டி நிறுத்த வேண்டிய இடத்தில் எரியக்கூடிய பொருள்களைக் குவித்து வைத்திருந்தார்கள். இறந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு இல்லை, மேல் தளங்களுக்கு ஏறிய புகை. உங்கள் அடித்தளத்தில் பழைய மெத்தையும் அட்டைப்பெட்டியும் இருந்தால், முதல் வாரத்து வேலை அதை அகற்றுவதுதான்.

படி 2: கதவையும் ஃபால்ஸ் சீலிங்கையும் சோதியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. ஒரு தளத்தைப் புகைத் தடுப்புச் சுவர்களால் இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். அந்தச் சுவர் தரையிலிருந்து மேல்தளக் கான்கிரீட் வரை ஓட்டை இல்லாமல் போக வேண்டும். கண்ணுக்குத் தெரிவது ஃபால்ஸ் சீலிங் வரைதான். அதனால் ஏணி போட்டு ஏறி, சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு டைலைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். இன்டர்நெட் கேபிள் ஒன்று போவதற்காக உளியால் உடைத்த, கை நுழையும் அளவு ஓட்டை ஒன்று அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். கீழே பளபளவென்று பெயின்ட் அடித்த சுவர் இருந்து என்ன பயன்? புகை மேலே அந்த ஓட்டை வழியாகப் போய்விடும்.

இந்த ஓட்டைகளைத் தீ தாங்கும் சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் நுரை தானே எரியும், அதை அனுமதிக்காதீர்கள். ஏசி டக்ட் (குளிர்காற்று போகும் குழாய்) இந்தச் சுவரைத் தாண்டும் இடத்தில் அதை அடைக்கும் தகடான டேம்பர் இருக்கிறதா, அலாரம் அடித்ததும் அது மூடுகிறதா என்று பராமரிப்பு ஆளை வைத்து இயக்கிப் பாருங்கள்.

கதவுக்குச் சோதனை எளிது. முழுக்கத் திறந்து கையை விடுங்கள். தானாக வந்து மூடி, தாழ்ப்பாளின் நாக்கு 'டக்' என்று விழ வேண்டும். ஒரு விரற்கடை திறந்து நின்றாலும் அது தோல்விதான். ஸ்ட்ரெச்சர் போக வசதியாக இருக்கட்டும் என்று கட்டையோ செங்கல்லோ முட்டுக் கொடுத்திருப்பார்கள். அவர்களைத் திட்டிப் பலன் இல்லை, நாளைக்கு மறுபடி அதே செங்கல் வந்துவிடும். கதவைத் திறந்து பிடித்திருந்து, அலாரம் அடித்ததும் விட்டுவிடும் காந்தப் பிடிப்பானைப் பொருத்திக் கொடுங்கள்.

மூடிய கதவு என்ன செய்யும் என்பதற்கு 1961 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையில் நடந்தது சாட்சி. குப்பை தள்ளும் குழாயில் பிடித்த தீ ஒன்பதாவது தளத்தில் வெளியே வந்து தாழ்வாரம் முழுவதும் பரவியது. 16 பேர் இறந்தார்கள். அதே தளத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

படி 3: ஒரு கட்டிலைத் தள்ளிப் பாருங்கள்

தாழ்வாரம் 2.4 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று பல விதிகள் கேட்கின்றன. டேப் வைத்து அளப்பதோடு நிற்காமல், சலைன் ஸ்டாண்டோடு ஒரு ஐ.சி.யு. கட்டிலை எடுத்துப் பக்கத்துப் பகுதி வரை தள்ளிக்கொண்டு போங்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே ஒரு நாற்காலி வரிசையோ லினன் வண்டியோ இருக்கும். வெளியேறும் கதவில் பூட்டுத் தொங்கினால், அன்றைக்கே கழற்றுங்கள். திருட்டுப் பயம் என்பார்கள். அதற்குத் தள்ளினால் திறந்து மணி அடிக்கும் பட்டை இருக்கிறது.

படி 4: ஆக்ஸிஜன், மின்சாரம், ஸ்பிரிட்

மருத்துவமனைத் தீயை மற்றத் தீயிலிருந்து வேறுபடுத்துவது ஆக்ஸிஜன். காற்றில் அது 21 சதவீதம். 23 சதவீதத்தைத் தாண்டிவிட்டாலே துணியும் பிளாஸ்டிக்கும் எளிதில் பற்றி வேகமாக எரியத் தொடங்கும். ஐ.சி.யு.வில் ஜன்னல் திறக்காது, படுக்கைகள் நெருக்கம். நோயாளி பாத்ரூம் போகும்போது ஆக்ஸிஜன் வரும் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ மீட்டரை மூடாமல் முகமூடியைக் கட்டில் மேல் போட்டுவிட்டுப் போனால், போர்வையும் தலையணையும் ஆக்ஸிஜனை வாங்கிவைத்துக்கொள்ளும். பிறகு ஒரு பொறி போதும். "பயன்படுத்தாதபோது வால்வை மூடு" என்பதை நர்ஸ்களின் ஷிஃப்ட் ஒப்படைப்பிலேயே சேர்த்துவிடுங்கள். ஆக்ஸிஜன் இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது.

வார்டுக்கு வெளியே சுவரில் ஆக்ஸிஜனை நிறுத்தும் வால்வுப் பெட்டி இருக்கும். எந்தப் படுக்கைகளுக்கு உரியது என்று அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அதை யார் மூடலாம் என்பதையும் எழுத்தில் முடிவு செய்யுங்கள். பொதுவாக அந்த ஷிஃப்டின் பொறுப்பு நர்ஸ், அதுவும் ஆக்ஸிஜனை நம்பியிருப்பவர்களுக்குச் சிறிய ஆக்ஸிஜன் சிலிண்டர் மாட்டிய பிறகு. பதற்றத்தில் செக்யூரிட்டி ஓடிவந்து மூடினால், தீ தொடாத நோயாளிக்கும் மூச்சு நின்றுபோகும்.

மின்சாரத்தில் ஐ.சி.யு. ஏசிகளைத்தான் முதலில் பாருங்கள். இரவு பகலாக ஓடுபவை அவை. பிளக்கைக் கழற்றினால் முள் பழுப்பேறியிருக்கிறதா, சாக்கெட் ஓரம் உருகியிருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே இணைப்பு தளர்ந்து சூடேறுகிறது. வெப்பம் காட்டும் கேமரா கிடைத்தால் மின் பலகைகளை லோடு ஓடும்போதே படம் எடுத்துவிடலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்குகிறதென்றால் சுவரில் சாக்கெட் போதவில்லை என்று பொருள். பறிமுதல் செய்வதோடு விடாமல் சாக்கெட் போட்டுக் கொடுங்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் ஸ்பிரிட் கலந்த மருந்தால் தோலைத் துடைத்தபின், அது முழுக்க உலரும் வரை, குறைந்தது 3 நிமிடமாவது பொறுத்துத்தான் துணி போர்த்த வேண்டும். முடி உள்ள இடத்தில் இன்னும் அதிக நேரம் ஆகும். ஈரத்தோடு காட்டரியை (மின்சாரத்தால் சூடாக்கித் திசுவை வெட்டும் கருவி) வைத்தால் நோயாளியின் மேலேயே தீ பிடிக்கும்.

படி 5: கருவிகள்

இதைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஃபயர் பம்ப் அறைக்குப் போய் பேனலில் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று 'மேனுவல்'லுக்கு மாற்றிவிட்டு மறந்துபோவது ரொம்ப சகஜம். தீ பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலைக்குக் கீழே அரை மீட்டர் தூரத்துக்குள் பொருள் அடுக்கக் கூடாது, தலைமேல் பெயின்ட் படக் கூடாது. மின் கருவிகள் உள்ள இடத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பு சிலிண்டர் வையுங்கள். சின்ன அறைக்குள் அதை அடித்துவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது என்றும் சொல்லிக்கொடுங்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குக் காந்தம் இழுக்காத சிலிண்டர் மட்டும்தான்.

படி 6: இரவு 2 மணிக்குப் பயிற்சி

மதியம் 3 மணிக்கு, எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்தும் பயிற்சி புகைப்படத்துக்குத்தான் உதவும். நடுராத்திரியில் ஒரு வார்டில் இரண்டு நர்ஸும் ஓர் உதவியாளரும் இருக்கும்போது நடத்துங்கள். அவர்களுக்கு வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும்: ஆபத்தில் இருப்பவரை மீட்பது, குரல் கொடுத்து அலாரத்தை அழுத்துவது, கதவைச் சாத்துவது, முடிந்தால் அணைப்பது, முடியாவிட்டால் நகர்வது. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கட்டில் நகராத இடத்தில் மெத்தையோடு சேர்த்து இழுக்கும் விரிப்பும், பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரே நர்ஸ் நான்கைந்து குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளப் பைகள் தைத்த ஏப்ரனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முதல் பயிற்சியில் நிறையச் சொதப்பும். எது சொதப்பியது என்று அப்படியே எழுதிவையுங்கள், ஆய்வுக்கு வருபவர் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை.

படி 7: இப்போது அந்த ஃபைல்

உங்கள் ஊர்ச் சட்டம் கேட்கும் சான்றிதழ்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் காலாவதியாகும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள். பம்ப், அலாரம், கதவு, பயிற்சி ஒவ்வொன்றுக்கும் தனி ரெஜிஸ்டர் போடுங்கள். குறை கண்ட தேதி, சரிசெய்த தேதி, கையெழுத்து மூன்றும் ஒரே வரியில் வரட்டும். சரிசெய்த தேதி காலியாக இருக்கும் வரிகளை மாதம் ஒருமுறை நிர்வாகத்தின் முன் வைத்துப் பணம் கேளுங்கள்.

அந்த ஃபைலில் இன்னொரு தாளும் இருக்க வேண்டும்: வேலை அனுமதிச் சீட்டு. கேபிள் இழுக்க வருபவரோ, வெல்டிங் செய்ய வருபவரோ, உங்கள் கையெழுத்து இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. கேபிள்காரர் என்றால் ஓட்டையை அடைத்த படத்தைக் காட்டிய பிறகே பில் பாஸாகும் என்று சொல்லிவிடுங்கள். வெல்டிங் என்றால் பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டரோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு மணி நேரம் அவர் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும்.